விவாத இழை: 2006 ஈஸ்ட் ரிவர் விபத்து – இதில் மர்மம் எங்கே இருக்கிறது?

#1 | ஓடுபாதை27

நேற்று இரவு உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு காணொளியை அனுப்பி, "இதெல்லாம் உண்மையா மாமா?" என்று கேட்டிருந்தான். தலைப்பு: "நியூயார்க்கை நடுங்க வைத்த மர்ம விமானம்". முகப்புப் படத்தில் இரட்டை எஞ்சின் ஜெட் ஒன்று கட்டடத்துக்குள் பாய்கிறது. உண்மையில் மோதியது நான்கு பேர் உட்காரக்கூடிய, மூக்கில் ஒரே ஒரு எஞ்சின் உள்ள சிரஸ் எஸ்ஆர்20. பதினாறு நிமிடம் பேசுகிறார்கள். "காற்று" என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2006 அக்டோபர் 11. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர் கோரி லிடில், வயது 34. அந்த ஆண்டுதான் உரிமம் வாங்கியிருந்தார். மொத்தமாகப் பறந்தது 100 மணி நேரத்துக்கும் குறைவு. சொந்த விமானம். கூடவே பயிற்சியாளர் ஒருவர். நியூஜெர்சியின் டீட்டர்பரோ நிலையத்தில் இருந்து பிற்பகல் 2.29க்குக் கிளம்பி, சுதந்திர தேவி சிலைப் பக்கம் சுற்றிவிட்டு, ஈஸ்ட் ரிவர் மேலே வடக்கு நோக்கிப் போனார்கள். ஆற்றின் மேல் இடப்பக்கமாக அரைவட்டம் அடித்துத் திரும்பப் பார்த்தார்கள். 2.42க்கு மன்ஹாட்டனின் கிழக்கு 72ஆம் தெருவில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதினார்கள். விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

அப்போது நான் நியூஜெர்சியில் ஒரு சிறிய பள்ளியில் பயிற்சியில் இருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அதே ஆற்றின் மேல் என் பயிற்சியாளரோடு போய் வந்திருந்தேன். செய்தி வந்தபோது பள்ளியின் காத்திருப்பு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். தொலைக்காட்சியில் முதலில் ஹெலிகாப்டர் என்றார்கள். பிறகு சிறிய விமானம் என்றார்கள். பிறகு போர் விமானங்களை வானில் ஏற்றிவிட்டார்கள் என்றார்கள் (இது மட்டும் உண்மை, பல நகரங்களின் மேல் அன்று ரோந்து பறந்தன). நாங்கள் திரையைப் பார்த்துச் சிரித்தோம், திட்டினோம், ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஒருவர் எரிபொருள் தீர்ந்திருக்கும் என்றார். இன்னொருவர் எஞ்சின் என்றார். நான் த்ராட்டில் கேபிள் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) அறுந்திருக்கும் என்று அடித்துச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே, காற்றின் திசை காட்டும் காற்றுப்பை மேற்குப் பக்கமாக விறைத்து நீண்டு நின்றது. அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தோம்.

#2 | சிறகரும்பு

வணக்கம் அண்ணா. நான் மாணவன், இதுவரை 43 மணி நேரம். அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். எனக்கு ஒரு சந்தேகம். அவர்கள் ஃப்ளைட் பிளான் (எங்கே, எப்படிப் பறக்கிறோம் என்ற முன்திட்டம்) தாக்கல் செய்யவில்லை, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசவும் இல்லை என்று சொல்கிறார்கள். இங்கே எங்கள் பள்ளியில் பயிற்சிக்குக் கிளம்பினாலே ஏ.டி.சி. (வான் பாதுகாப்பு அனுமதி) எண், எஃப்.ஐ.சி. (பறப்புத் தகவல் மையம்) எண் என்று வாங்கி எழுதிக்கொண்டுதான் இறங்குகிறோம். அப்படியிருக்க, நியூயார்க் நடுவே யாரிடமும் பேசாமல் எப்படிப் பறக்க முடியும்? தவறுதானே?

#3 | பழைய கோபுரம்

தம்பி, தவறில்லை.

நம் ஊரில் வான் பாதுகாப்பு அனுமதி இல்லாமல் பெரும்பாலும் சக்கரம் தரையைவிட்டு எழும்பாது. அமெரிக்காவில் கண்பார்வை விதிப்படி நல்ல வானிலையில் பறப்பவர் ஃப்ளைட் பிளான் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஈஸ்ட் ரிவர் மேல் அப்போது தரையில் இருந்து 1,100 அடி வரை ஒரு விலக்குப் பாதை இருந்தது. அதற்குள் இருக்கிறவரை யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். ஒரு பொது அலைவரிசையில் "நான் இன்ன பாலத்தின் மேல் இருக்கிறேன்" என்று விமானிகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டே போவார்கள்.

"ஃப்ளைட் பிளான் இல்லை" என்பது செய்தியாளர்களுக்குச் சர்க்கரை. 1999 ஜூலை 16 இரவு அமெரிக்க அதிபராக இருந்த ஜான் எஃப். கென்னடியின் மகன், தானே ஓட்டிய விமானத்தோடு மார்த்தாஸ் வினியார்டு தீவு அருகே கடலில் விழுந்தபோதும் இதே பல்லவியைப் பல நாள் பாடினார்கள். அவரிடம் பிளான் இருந்திருந்தால் தேடத் தொடங்கும் நேரம் மாறியிருக்கலாம், விழுவது மாறியிருக்காது. புகைமூட்டம், இருண்ட கடல், அடிவானம் தெரியவில்லை, எது மேல் எது கீழ் என்று காது பொய் சொல்லிவிட்டது. விசாரணையும் அதைத்தான் சொன்னது.

நான் முப்பத்தோராண்டு கோபுரத்தில் உட்கார்ந்தவன். காகிதம் விமானத்தைத் தாங்கிப் பிடிக்காது.

#4 | கட்டைவண்டி

நான் விமானி இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் போகிற ஆள். ஆனால் உங்கள் பேச்சைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. வீட்டில் சும்மா இருந்த பெண்மணி ஒருவர் அந்தத் தீயில் படுகாயம் அடைந்தார். அதைப் பற்றி #1இல் ஒரு வரி இல்லை. முகப்புப் படத்தில் எஞ்சின் ஒன்றா இரண்டா என்பதுதான் உங்களுக்குக் கவலை. 2001 செப்டம்பர் 11 நடந்து ஐந்து ஆண்டு ஒரு மாதம். அதே ஊர், அதே பதினோராம் தேதி, கட்டடத்தில் இருந்து புகை வருகிறது. தொலைக்காட்சிக்காரன் "தாக்குதலா?" என்று கேட்காமல் "ஆகா, அருமையான சிரஸ்" என்றா சொல்வான்?

#5 | ஓடுபாதை27

கட்டைவண்டி, அடி சரியான இடத்தில் விழுந்தது. விட்டுப்போனது என் பிழை. தரையில் ஒருவருக்குப் படுகாயம், இருவருக்கு லேசான காயம். கேள்வி கேட்பதை நான் குறை சொல்லவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். விமானி யார் என்று தெரிந்த பிறகும் இரண்டு நாள் அதையே வேறு வேறு சட்டை மாட்டிக் கேட்டதுதான் எரிச்சல். 1979இல் அதே யாங்கீஸ் அணியின் தர்மன் மன்சன் சொந்த ஜெட்டில் இறந்ததைத் தோண்டி எடுத்தார்கள். லிடில் சில வாரங்களுக்கு முன்பு ஒரு பத்திரிகையிடம் தன் விமானத்துக்கே பாராசூட் இருக்கிறது, பயமில்லை என்ற பொருளில் பேசியிருந்தார். அதை எடுத்துப் போட்டு, "பாராசூட் ஏன் விரியவில்லை?" என்று அன்று இரவு முழுவதும்.

#6 | சிறகரும்பு

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். ஏன் விரியவில்லை?

#7 | காற்றாடி

விரிக்க உயரம் வேண்டும், அதனால்தான். சிரஸ் கையேட்டின்படி நேர்மட்டமாகப் பறக்கும்போது இழுத்தால் 400 அடிக்குள் குடை பிடித்துவிடும். ஒரு சுற்றுச் சுழன்று விழும்போது இழுத்தால் 920 அடி போய்விடும். அவர்கள் ஆற்றின் மேல் ஏறக்குறைய 700 அடியில், சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே கட்டடம். கையை மேலே கொண்டுபோய்க் கைப்பிடியை இழுக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நான் பயிற்சியாளர், பதினான்கு ஆண்டு. என் மாணவர்களுக்கு இந்த விபத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். பாராசூட், பயங்கரவாதம், பேஸ்பால் மூன்றையும் அழித்துவிட்டு ஆற்றை மட்டும் வரைவேன்.

ஆற்றின் அகலம் அந்த இடத்தில் 2,100 அடி. வடக்கே லாகார்டியா விமான நிலையத்தின் வான்வெளி சுவர் மாதிரி நிற்கிறது. மன்ஹாட்டனின் மறுபக்கம் ஓடும் ஹட்சன் ஆற்றில் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறலாம். ஈஸ்ட் ரிவர் அப்படி இல்லை, முட்டுச்சந்து. சந்தின் கடைசியில் வண்டியைத் திருப்பித்தான் ஆகவேண்டும். காற்று கிழக்கே இருந்து, திசைகாட்டியில் 095 பாகை, 13 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அவர்கள் கிழக்குக் கரையை ஒட்டிப் போகாமல் கரையில் இருந்து தள்ளி ஆற்றுக்குள் வந்துவிட்டார்கள். அங்கேயே 400 அடி வீண். அங்கிருந்து இடப்பக்கம், அதாவது மேற்கே, காற்று தள்ளும் திசையிலேயே திரும்பினார்கள். திரும்பி முடிப்பதற்குள் காற்று இன்னொரு 400 அடி தள்ளும். மிஞ்சியது 1,300 அடி. 97 நாட் வேகத்தில் 1,300 அடிக்குள் அரைவட்டம் போட வேண்டுமானால் முதல் நொடியில் இருந்தே 53 பாகை சாய்க்க வேண்டும். அந்தச் சாய்வில் உடம்பின் எடை 1.66 மடங்கு. இவை விபத்தை விசாரித்த என்.டி.எஸ்.பி. (அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்) 2007 மே மாதம் வெளியிட்ட எண்கள்.

சுற்றிப் பார்க்கப் போகிறவர் யாரும் எடுத்த எடுப்பில் 53 பாகை சாய்க்க மாட்டார். 30 பாகையில் தொடங்குவார், பாதியில் கட்டடம் பெரிதாகத் தெரியும், அப்போது இன்னும் சாய்த்து இன்னும் இழுப்பார். இறக்கை அங்கே கைவிடும், தூக்குவிசை போய்விடும்.

இனி என் கணக்கு: அதே ஆற்றில் மேற்குக் கரையை ஒட்டிப் போய், வலப்பக்கம் காற்றுக்கு எதிராகத் திரும்பியிருந்தால் 35 பாகைக்குள் வேலை முடிந்திருக்கும். காற்று தள்ளிவிடாமல் பிடித்துக் கொடுத்திருக்கும்.

#8 | பழைய கோபுரம்

காற்றாடி அம்மா, கணக்கு சரி. ஆனால் வடக்கே போகிறவர் வலப்பக்கக் கரையை ஒட்டிப் போவதுதான் அங்கே நடைமுறை. மேற்குக் கரைக்கு மாறினால் எதிரே வருகிற ஹெலிகாப்டரோடு முட்டவேண்டி இருக்கும்.

அதற்கு இன்னும் எளிய வழி இருந்தது. லாகார்டியாவைக் கூப்பிட்டு, "வடக்கே தொடர அனுமதி வேண்டும்" என்று கேட்டிருக்கலாம். அதிகம் போனால் "இல்லை" என்பார்கள். இதை எத்தனை விமானிகள் கேட்கத் தயங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். குரலிலேயே தெரியும். மைக்கை அழுத்துவார்கள், ஒரு நொடி மூச்சு மட்டும் கேட்கும், விட்டுவிடுவார்கள். பெரிய ஜெட்கள் பேசுகிற அலைவரிசையில் நம் குரல் எதற்கு என்ற கூச்சம். என் பணிக்காலத்தில் அந்த மூச்சைக் கேட்டால் நானே, "யாரப்பா கூப்பிட்டது, சொல்லுங்கள்" என்பேன்.

#9 | இரவுப்பணி

இழையைக் காலையில் இருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன். நான் உங்கள் எதிர்க்கட்சி. ஒரு தமிழ் நாளிதழில் இருபத்திரண்டு ஆண்டு உதவி ஆசிரியர் வேலை, பெயர் வேண்டாம்.

நியூயார்க்கில் 2.42 என்றால் நமக்கு நள்ளிரவு 12.12. கடைசியாக அச்சுக்குப் போகும் பக்கம், அதாவது நகரப் பதிப்பின் முதல் பக்கம், 1.15க்குப் போக வேண்டும். செய்தி ஏஜென்சியின் ஃபிளாஷ் (அவசரச் செய்தி) வந்தபோது மணி ஏறக்குறைய பன்னிரண்டரை. ஒற்றை வரி: மன்ஹாட்டனில் கட்டடத்தில் விமானம் மோதியது. செய்தி ஆசிரியர் வீட்டுக்குப் போய்விட்டார். நான், ஒரு பக்க வடிவமைப்பாளர், ஒரு ஓட்டுநர். தொலைக்காட்சியில் புகை. பக்கத்தில் இருந்த காவிரிச் செய்தியை உள்ளே தள்ளிவிட்டு ஐந்து பத்தி அகலத்துக்குத் தலைப்புப் போட்டேன்: "நியூயார்க்கில் மீண்டும்: கட்டடத்தில் விமானம் மோதல்".

மற்றதெல்லாம் ஏஜென்சி தந்தது. அந்த "மீண்டும்" என்னுடையது.

பக்கம் போய், கீழே இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு பேஸ்பால் வீரர் என்று பெயர் வந்தது. படி இறங்கிப் போய் இயந்திரப் பிரிவு பொறுப்பாளரிடம் நிற்கச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் மையோடு இருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "விமானம் மோதினது உண்மைதானே சார்?" என்றார். உண்மைதான். எழுத்துக்கு எழுத்து உண்மை. மாடிக்குத் திரும்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2007 மே மாதம் விசாரணை முடிவு வந்தபோது எங்கள் பத்திரிகையில் ஒரு வரிகூடப் போடவில்லை. அன்றும் இரவுப்பணியில் இருந்தது நானேதான். ஆற்றின் அகலம், காற்று, 13 நாட். படித்தேன். யார் படிப்பார்கள் என்று கூடையில் போட்டேன்.

#10 | சிறகரும்பு

ஐயா, இப்படி ஒருவர் எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

#11 | மேகத்துக்குமேல்

உருக வேண்டாம் தம்பி. "மீண்டும்" என்று ஒரே சொல்லில் ஆயிரம் பேரைப் பதறவைத்துவிட்டு, பதினைந்து இருபது ஆண்டு கழித்து இங்கே வந்து கண்ணைக் கசக்கினால் சரியாகிவிடுமா? இவர்கள் எழுதும் எதையும் நான் படிப்பதில்லை. எந்த விமானம் விழுந்தாலும் "செஸ்னா" என்று ஒரே நிறுவனத்தின் பெயர். விழுந்த அரைமணியில் "கறுப்புப் பெட்டி கிடைத்ததா". அந்தச் சிறிய விமானத்தில் கறுப்புப் பெட்டி வைக்கவேண்டிய விதியே இல்லை. "ஸ்டால்" என்று விமானி சொன்னால் "எஞ்சின் நின்றுபோனது" என்று எழுதுவார்கள். இறக்கையில் காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை போவதற்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதே ஸ்டால் ஆகும். இதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார்களா?

#12 | இரவுப்பணி

"எஞ்சின் நின்றுபோனது" என்று அதே 2006 நவம்பரில் எழுதியவனும் நான்தான். விசாரணைக் குழுவின் இடைக்காலத் தகவலில் அந்தச் சொல் வந்தது. அலுவலகத்தில் இருந்த அகராதியில் "ஸ்டால்" என்றால் கடை, மாட்டுத்தொழுவம், வண்டி நின்றுபோதல் என மூன்று பொருள் இருந்தது. மூன்றாவதை எடுத்தேன். கேட்பதற்கு அன்று எனக்கு ஒரு விமானியைக்கூடத் தெரியாது. தெரிந்த ஒருவருக்கு இரவு ஒரு மணிக்குத் தொலைபேசி செய்தால் எடுப்பாரா என்பதையும் யோசித்துப் பாருங்கள். தமிழில் நீங்கள் யாராவது அதற்கு ஒரு சொல் சொல்லுங்கள், இப்போதே குறித்துக்கொள்கிறேன்.

#13 | காற்றாடி

வகுப்பில் நான் "இறக்கை கைவிடுதல்" என்கிறேன். பிறகு எல்லோரும் ஸ்டால் என்றே சொல்கிறார்கள், நான் உட்பட.

மேகத்துக்குமேல், இரவுப்பணி ஐயாவைப் பிடித்து உலுக்குவதற்கு முன்பு #1ஐ மறுபடி படியுங்கள். காத்திருப்பு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் பறக்கத் தெரிந்தவர்கள். எரிபொருள், எஞ்சின், த்ராட்டில் கேபிள். ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. தொலைக்காட்சி செய்ததையே நாமும் செய்தோம், கொஞ்சம் கலைச்சொல் தூவி. நம்மிடம் அச்சு இயந்திரம் இல்லை, அவரிடம் இருந்தது.

ஏன் எல்லோரும் எஞ்சினைச் சொன்னார்கள் தெரியுமா? எஞ்சின் நின்றால் அது யாருக்கும் நேரலாம், விமானியின் மேல் பழி இல்லை. "ஆற்றின் அகலத்தைப் பார்க்காமல் திரும்பினார்" என்றால் அது நாமாகவும் இருந்திருக்கலாம். அந்த நினைப்பு நம் வயிற்றைப் பிசைகிறது. அதனால் கேபிள்.

#14 | ஓடுபாதை27

உண்மை. இரண்டு வாரத்துக்கு முன்பு நான் அதே இடத்தில் திரும்பியபோது அகலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. என் பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்ததா என்றும் தெரியாது. அன்று காற்று குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

#15 | கட்டைவண்டி

சரி, ஒப்புக்கொள்கிறேன், இப்போதுதான் இந்த இழை எனக்குப் புரிகிற மொழியில் இருக்கிறது. ஒரு கேள்வி. பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தாரே, அவர் ஏன் தடுக்கவில்லை?

#16 | காற்றாடி

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

உலகம் முழுக்கத் தலைப்பு: "யாங்கீஸ் வீரர் ஓட்டிய விமானம் மோதியது". விசாரணை முடிவில் என்ன இருக்கிறது தெரியுமா? அந்த நேரத்தில் கட்டுப்பாடு யார் கையில் இருந்தது என்று கண்டறிய முடியவில்லை. காரணத்தை எழுதும்போதும் பன்மையில்தான் எழுதினார்கள்: விமானிகளின் போதாத திட்டமிடல், முடிவெடுத்தல், ஓட்டும் திறன். லிடில் ஓட்டினாரா, மற்றவர் ஓட்டினாரா, பாதியில் ஒருவர் மற்றவரிடம் இருந்து வாங்கினாரா, யாருக்கும் தெரியாது. ஆனால் புகழ்பெற்றவர் விமானத்தில் இருந்தால் அவர்தான் ஓட்டினார் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது.

நான் வலது இருக்கையில் உட்கார்ந்து பிழைப்பவள். அந்த இருக்கையில் இருந்து இடப்பக்கத் திருப்பத்தைப் பார்த்தால் என்ன தெரியும்? மாணவனின் தோள், அவன் தலையில் மாட்டிய ஹெட்செட், அதற்கும் அப்பால் கொஞ்சம் ஜன்னல். திருப்பம் இறுகுகிறது என்பது கண்ணுக்கு முன்பு உடம்புக்குத் தெரியும், நாற்காலி கனக்கும். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" (கட்டுப்பாடு என் கையில்) என்று சொல்லிக் கையை வைக்க ஒரு நொடி. அவன் விட ஒரு நொடி. சில மாணவர்கள் பயத்தில் விடமாட்டார்கள், பிடி இன்னும் இறுகும். ஒருமுறை ஒரு பையனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்திருக்கிறேன், 2,500 அடியில். 700 அடியில் அந்த அவகாசம் கிடையாது.

அவர் தடுத்தாரோ இல்லையோ, நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் அந்தக் காணொளிக்காரனும் ஒன்று.

#17 | பழைய கோபுரம்

இதே கதையை இப்போது நம் ஊரில் பார்க்கிறோம். அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கை 2025 ஜூலை 12 அன்று வந்தது. விமானி அறை உரையாடல் அதில் இரண்டே வரி. எரிபொருளை "ஏன் நிறுத்தினீர்கள்" என்று ஒருவர் கேட்கிறார், "நான் நிறுத்தவில்லை" என்று மற்றவர் சொல்கிறார். கேட்டவர் யார், சொன்னவர் யார் என்று அறிக்கையில் இல்லை. அன்று மாலையே தொலைக்காட்சியில் பெயர் வைத்துப் பேசினார்கள், குரலை நடித்துக் காட்டாத குறைதான். இறந்தவர் வீட்டில் வயதானவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை.

#18 | நெறியாளர்

அகமதாபாத்துக்குத் தனி இழை இருக்கிறது, 140 பக்கம் தாண்டிவிட்டது. தயவுசெய்து அங்கே தொடருங்கள். இங்கே 2006 மட்டும்.

#19 | மேகத்துக்குமேல்

நெறியாளர் அவர்களே, நல்லது. 2006க்கே வருகிறேன். விபத்து நடந்த இரண்டாம் நாள், அக்டோபர் 13, விசாரணை தொடங்கிய சூடுகூட ஆறவில்லை, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஈஸ்ட் ரிவர் விலக்குப் பாதையில் ஹெலிகாப்டர் அல்லாத, நிலையான இறக்கை உள்ள விமானங்கள் கட்டுப்பாட்டாளரோடு பேசாமல் பறக்கத் தடை போட்டது. தொலைக்காட்சிக் கூச்சலுக்கு அடிபணிந்ததுதானே இது? அந்த நகரத்தின் அப்போதைய மேயர் புளூம்பெர்க் தாமே விமானம் ஓட்டுபவர். அவர் ஊரிலேயே இப்படி.

#20 | பழைய கோபுரம்

கூச்சலுக்குப் பணிந்தார்களோ என்னவோ, முடிவு நல்ல முடிவு. பேசிவிட்டுப் போ என்றுதான் சொன்னார்கள், போகாதே என்று சொல்லவில்லை. முட்டுச்சந்தின் வாசலில் ஒரு காவலாளியை உட்கார வைத்தார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

#21 | ஓடுபாதை27

ஐயா, உங்களோடு மாறுபடுகிறேன், கோபிக்க வேண்டாம். ஹட்சன் பக்கம் அப்போது கை வைக்கவில்லை. அங்கே புகழ்பெற்றவர் யாரும் மோதவில்லை, அதனால் திரையில் வரவில்லை. 2009 ஆகஸ்ட் 8இல் ஹட்சன் மேல் ஒரு பைப்பர் விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி ஒன்பது பேர் இறந்த பிறகுதான் அங்கே விதிகளைத் திருத்தி எழுதினார்கள். செய்தி எங்கே வெளிச்சம் அடிக்கிறதோ அங்கே மட்டும் குழியை மூடுகிறார்கள். பக்கத்துக் குழியில் அடுத்தவன் விழவேண்டியிருக்கிறது.

#22 | பழைய கோபுரம்

கோபம் என்ன. அந்த ஒன்பது பேர் விஷயத்தில் உங்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

#23 | இரவுப்பணி

ஒரு பின்கதை, இதையும் நாங்கள் போடவில்லை. விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு சிக்கிக்கொண்டது என்று சொல்லி இரு குடும்பத்தாரும் சிரஸ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2011இல் நியூயார்க்கில் நடுவர் குழு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குடும்பத்தாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடுபாதை தம்பி கேபிள் என்று சொன்னதும் இதுவும் ஏறக்குறைய ஒரே ஆசைதான்.

#24 | கட்டைவண்டி

இரவுப்பணி சார், ஒன்று கேட்கலாமா? இப்போது அதே ஃபிளாஷ் வந்தால் தலைப்பு என்ன போடுவீர்கள்?

#25 | இரவுப்பணி

"மன்ஹாட்டனில் அடுக்குமாடிக் குடியிருப்பில் விமானம் மோதல்". நான்கு பத்தி. விற்பனைப் பிரிவில் காலையில் கேள்வி கேட்பார்கள்.

#26 | சிறகரும்பு

எல்லோருக்கும் வணக்கம், பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இந்த இழையை அச்சடித்து என் பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் #7ஐ மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, "நாளைக்குச் செய்து பார்ப்போம்" என்றார்.

எங்கள் பயிற்சிப் பகுதியில் ஒரு ஏரி இருக்கிறது. வரைபடத்தில் அளந்தால் கரைக்குக் கரை 2,600 அடி. செஸ்னா 172 (இது உண்மையிலேயே செஸ்னா), 3,000 அடி உயரம், 90 நாட், சாய்வு 30 பாகைக்கு மேல் கூடாது என்று ஒப்பந்தம். அன்று ஏரியின் குறுக்கே 12 நாட் காற்று. முதலில் காற்று வருகிற கரையில் இருந்து தொடங்கி, காற்று போகிற பக்கமாகத் திரும்பச் சொன்னார். பாதித் திருப்பம் வரை எல்லாம் சரியாகவே தெரிந்தது, அதுதான் ஆச்சரியம். பிறகு எதிர்க்கரைப் பனைமரங்கள் இறக்கைக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போயின. திரும்பி முடித்தபோது நாங்கள் வயலின் மேல் இருந்தோம். என் கை தானாகவே இன்னும் சாய்க்கப் போனது. அவர் "முப்பது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து எதிர்க்கரையில் இருந்து, காற்றுக்கு எதிராக. தண்ணீரின் மேலேயே திரும்பி முடித்தேன், தொடங்கிய பக்கத்துக் கரைக்கும் எங்களுக்கும் நடுவே நிறையத் தண்ணீர் இருந்தது. மறுகரை வரை போகவே இல்லை. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: முதல் திருப்பத்துக்குச் சுமார் 3,000 அடி, இரண்டாவதற்கு 2,000 அடிக்குச் சற்றுக் குறைவு. அதே விமானம், அதே சாய்வு.

காற்றாடி அக்கா, கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

#27 | காற்றாடி

பிழை இல்லை. அடுத்த முறை கிளம்புவதற்கு முன்பு கணக்குப் போடு, இறங்கிய பிறகு அல்ல.

#28 | இரவுப்பணி

தம்பி, அந்தப் பனைமரங்கள் பற்றிய வரியை நான் வேலை பார்த்த பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு அனுப்பலாமா? பெயர் போடாமல். "ஸ்டால்" என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.